சிறுத்துப் போன வீட்டுப் பூண்டை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 தொடக்கத்தில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, மதுரைப் பக்கம் மாடித் தோட்டம் வைத்திருந்தவர்கள் பலர் க்ரோ பேக்கில் நாலு பல் ஊன்றிப் பார்த்தார்கள். ஊன்றியவர்களிடமிருந்து பிப்ரவரி, மார்ச்சில் வரும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான். செடி பச்சைப்பசேலென்று நின்றது, பிடுங்கினால் கொண்டைக்கடலை அளவில் ஒரு உருண்டை. இதை வைத்து என்ன செய்வது? கெடாமல் எப்படி வைப்பது? அவற்றையெல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

உரம் போட்டேன், தண்ணீர் தவறாமல் ஊற்றினேன். அப்படியும் பூண்டு ஏன் பெருக்கவில்லை?

பெரும்பாலும் உங்கள் கைமேல் குற்றமில்லை. ஊர் அப்படி.

பூண்டுக்கு இரண்டு விஷயம் வரிசையாக நடக்க வேண்டும். முதலில் சில வாரங்கள் நல்ல குளிர், சுமார் 10 டிகிரிக்குக் கீழே. அந்தக் குளிர் பட்டால்தான் உள்ளே இருக்கும் குருத்து பல் பல்லாகப் பிரியத் தயாராகும். அப்புறம் பகல் நீள வேண்டும், வெயில் ஏற வேண்டும். அப்போது இலை வளர்வது நின்று, சத்தெல்லாம் கீழே இறங்கிப் பூண்டு திரளும். மதுரையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. பகலும் பெரிதாக மாறுவதில்லை. டிசம்பரில் சுமார் 11 மணி 35 நிமிடம், ஜூனில் சுமார் 12 மணி 40 நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். செடிக்குக் குளிர்காலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அது பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டிருக்கும்போதே மார்ச் வெயில் வந்து சுருட்டிவிடும்.

நாம் ஊன்றும் பல் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்துகொள்கிறது. மளிகைக் கடையில் வாங்கும் பெரிய வெள்ளைப் பூண்டில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துச் சரக்கு. மந்சௌர், நீமச் போன்ற இடங்களில் குளிர்கால இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்கும். அந்தக் குளிருக்குப் பழகிய ரகத்தை உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஊன்றினால் அது என்ன செய்யும்?

நம் பக்கத்துத் தவறு என்று சொல்வதானால் மூன்றைச் சொல்லலாம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் தாள் மட்டும் செழிக்கும். கரிசல் மண்ணைத் தளர்த்தாமல் நட்டால் பூண்டு திரள இடமிருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில், அக்டோபரிலேயே ஊன்றினால் பாதி பல் முளைக்கும் முன்னே அழுகிவிடும். ஆனால் இந்த மூன்றையும் சரிசெய்தாலும் கடைப் பூண்டு அளவு வராது. அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பல் பிரியவே இல்லை. சின்ன வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையாக இருக்கிறது. இது பூண்டுதானா?

பூண்டேதான். குளிர் போதாமல் பிரியாமல் நின்ற பல். நாட்டு மருந்துக் கடையில் இதே மாதிரி ஒத்தைப் பூண்டை, ஒரு பல் பூண்டு என்று தனி விலை வைத்து விற்கிறார்கள். அதற்கென்று தனி மருத்துவ மகிமை இருப்பதாகச் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் சமையலுக்கு இதைவிட வசதியான பூண்டு கிடையாது. ஒரு தோல், ஒரு உரிப்பு, முழுசாகக் குழம்பில் போடலாம். விளைச்சலில் முதலில் இதைத்தான் தனியாகப் பொறுக்கி வைக்க வேண்டும்.

இன்னும் சில செடி மண்ணில் நிற்கிறது. விட்டு வைத்தால் பெருக்குமா?

அடி இலைகள் இரண்டு மூன்று பழுத்துக் காய்ந்துவிட்டால் இனிப் பெருக்காது. பிடுங்கிவிடுங்கள். பிடுங்குவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டால் தோல் காய்ந்து வரும். இலை முழுக்கப் பச்சையாக இருந்து, கீழே ஒன்றுமே திரளவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். தாளோடு பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். எப்படி என்பது கீழே வருகிறது.

பிடுங்கிய பூண்டில் மண் ஒட்டியிருக்கிறது. கழுவலாமா? வெயிலில் போடலாமா?

இரண்டும் வேண்டாம். சேமிக்கப்போகும் பூண்டில் தண்ணீரே படக்கூடாது. மண்ணைக் கையால் தட்டிவிட்டு, தாளையும் வேரையும் வெட்டாமல், பத்துப் பதினைந்தாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். காற்று ஓடுகிற வராண்டா, மாடிப்படிக்கு மேலே உள்ள கூரை, இப்படி ஏதாவது ஒரு இடம். இரண்டு மூன்று வாரத்தில் கழுத்துப் பகுதி ஈரமில்லாமல் சுருங்கிவிடும். தோல் சரசரக்கும். மதுரைக் காற்றில் சின்னப் பூண்டு இதற்கு முன்பேகூடக் காய்ந்துவிடும். அதன் பிறகு கழுத்தில் ஒரு விரல்கடை விட்டுத் தாளை வெட்டலாம்.

வெயிலில் பரப்பினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: மார்ச், ஏப்ரல் மொட்டைமாடித் தளம் பூண்டை வேக வைத்துவிடும். பல் மஞ்சளாகி, கண்ணாடி போலத் தெரிந்து, பிசுபிசுப்பாகும். அப்படி ஆனதை வைத்துப் பிரயோசனமில்லை.

காயவைத்த பூண்டு எத்தனை மாதம் தாங்கும்? ஃபிரிட்ஜில் வைத்தால் கூடுதல் நாள் வருமா?

கடைப் பூண்டு தாங்கும் அளவு இது தாங்காது. பூண்டின் மேல்தோல் ஒவ்வொன்றும் ஒரு இலையின் அடிப்பகுதி. இலை குறைவாக விட்ட செடிக்குத் தோலும் குறைவு. தோல் மெலிந்த சின்னப் பல்லில் ஈரம் சீக்கிரம் போய், சில வாரங்களிலேயே உள்ளே சருகாகிவிடும். ஆகவே இந்த விளைச்சலை 'வைத்து வைத்து எடுக்கலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். காய்ந்ததும் தரம் பிரித்து, நல்லதில் கொஞ்சத்தை மட்டும் கூடையில் அன்றாடச் செலவுக்கு வைத்துக்கொண்டு, மீதியை ஊறுகாய், வற்றல், விழுது என்று உடனே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

முழுப் பூண்டுக்கு ஃபிரிட்ஜ் ஆகாது. 4 முதல் 10 டிகிரிக் குளிர் அதை முளைக்கத்தான் தூண்டும். வெளியே எடுத்ததும் சடசடவென்று குருத்து கிளம்பும். பிளாஸ்டிக் பையும் ஆகாது, வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மூங்கில் கூடை, வலைப்பை, பழைய காட்டன் துணிப்பை போதும். மலைக் கிராமங்களில் அடுப்புப் புகை படுகிற பரணில் கட்டித் தொங்கவிடுவார்கள். விறகடுப்பு இருக்கிற வீடாக இருந்தால் நீங்களும் அப்படியே செய்யலாம்.

தரம் பிரிப்பது என்றால் எப்படி?

விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, தோல் முழுசாக இருப்பது கூடைக்கு. கெட்டியாக இருந்து தோல் கிழிந்தது ஊறுகாய்க்கு. மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்டது அன்றைக்கே சமையலுக்கு. அரிசி அளவுக்கு இருக்கிற நுணுக்குகளை உரித்து மாள முடியாது, அவற்றைத் தோலோடு நசுக்கி ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மெத்தென்று அமுங்குவதையும், உள்ளே நீலப்பச்சைப் பூசணம் தெரிவதையும் வெட்டி எடுத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்.

மேல்தோலில் கருப்பாகக் கரித்தூள் மாதிரி இருக்கிறதே?

வெங்காயத்தில் வருமே, அதே கருப்புப் பூசணம்தான். மேல்தோலில் மட்டும் இருந்து பல் வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உரித்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். பல்லுக்குள் இறங்கியிருந்தால் வேண்டாம்.

இவ்வளவு சின்னப் பல்லை யார் உரிப்பது? அதுதான் பெரிய தலைவலி.

உண்மைதான். சின்னப் பூண்டைப் பலரும் வீணாக்குவதற்குக் காரணம் ருசியோ கெட்டுப்போவதோ இல்லை, உரிக்கிற அலுப்புதான். கத்தியை எடுத்தால் வேலை நகராது.

மொத்தமாக உரிக்க வேண்டும் என்றால் பல்லைப் பிரித்துப் போட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். கொஞ்ச நேரம் என்பதால் வெந்துபோகாது. சூடு ஆறியதும் பழைய சாக்குத் துண்டில் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். சொளகில் போட்டுப் புடைத்தால் தோல் தனியே பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மறுநாளும் வீட்டில் பூண்டுத்தோல் கூட்டிக்கொண்டிருப்பீர்கள். வெயில் இல்லாத நாளில் வெறும் சட்டியில் மிதமான தீயில் ஒரு நிமிடம் புரட்டி எடுத்தாலும் தோல் விடும்.

உடனே சமைக்கப் போவதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு உரிக்கலாம். வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் உரிப்பதைத் தண்ணீரில் போடாதீர்கள். சரி, சில சமையலுக்கு உரிக்கவே வேண்டாம். ரசத்துக்குத் தோலோடு தட்டிப் போடுவதுதான் வழக்கமே.

உரித்த பூண்டை நல்லெண்ணெயில் மூழ்கப் போட்டு அலமாரியில் வைக்கலாமா? எங்க அப்பத்தா அப்படித்தான் வைப்பார்.

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்கிற கிருமியின் வித்துகள் இருக்கும். காற்று படும் இடத்தில் அவை பேசாமல் கிடக்கும். காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் பச்சைப் பூண்டு அதற்கு அப்படியே பொருந்துகிற இடம். நம் ஊர் அலமாரியின் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. நிறம் மாறாது, வாடை வராது, நக்கிப் பார்த்தாலும் தெரியாது. சாதாரணமாகக் கொதிக்க வைப்பதில் அந்த வித்துகள் சாவதும் இல்லை.

கனடாவின் வான்கூவரில் 1985-இல் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு பாதித்தது. காரணம், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு பாட்டில். குளிரில் வைக்க வேண்டிய அதை வெளியே வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1989-இலும் இதே மாதிரி நடந்த பிறகு, எண்ணெயில் போட்டு விற்கும் பூண்டில் அமிலம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அங்கே விதி வந்தது. கண் இமை தொங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது இதன் அறிகுறிகள். இப்படி ஏதாவது தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்படியானால் அப்பத்தா வைத்தது? அவர் ஜாடியில் வெறும் எண்ணெயும் பூண்டுமா இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். உப்பு இருந்திருக்கும், புளி அல்லது எலுமிச்சை இருந்திருக்கும், வெயிலில் காய்ந்திருக்கும். காவல் காத்தது அந்தப் புளிப்பும் உப்பும். எண்ணெய் மேலே மூடி போட்டது, அவ்வளவுதான். புளிப்பை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டால் அது அப்பத்தா முறை இல்லை.

எண்ணெயில் வதக்கிய பூண்டு வேண்டும் என்றால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குச் செய்யுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

சரி, ஊறுகாய் போடுகிறேன். புளிப்பு எவ்வளவு வேண்டும்?

தாராளமாக வேண்டும். கால் கிலோ உரித்த சின்னப் பூண்டுக்கு 150 மில்லி எலுமிச்சைச் சாறு, அதாவது சாறுள்ள நடுத்தரப் பழம் எட்டு முதல் பத்து. கல் உப்பு 50 கிராம், மிளகாய்த்தூள் 40 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு டீஸ்பூன், பெருங்காயம், நல்லெண்ணெய் 150 மில்லி.

எண்ணெயில் பாதியைக் காயவைத்துப் பூண்டைப் போட்டு, நிறம் மாறாமல் லேசாகச் சுருங்கும் வரை வதக்குங்கள். வதக்கிய பூண்டு புளிப்பை உள்ளே இழுக்கும். பச்சையாகப் போட்டால் நடுப்பகுதி நாள்கணக்கில் ஊறாமல் நிற்கும். பல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் இரண்டாக நறுக்கிவிடுங்கள். அடுப்பை அணைத்து, பொடிகளையும் உப்பையும் போட்டுப் புரட்டி, ஆறியதும் சாற்றை ஊற்றுங்கள். மீதி எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து மேலே விடுங்கள். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் வைத்துத் தினமும் காய்ந்த கரண்டியால் கிளறி, ஒரு வாரம் ஊறவிட்டுச் சாப்பிடலாம். ஊறுகிற நாளிலிருந்தே ஃபிரிட்ஜில் வைப்பது என் விருப்பம். வீட்டில் புளிப்பை அளந்து பார்க்கக் கருவி கிடையாது, சித்திரை வெயிலும் சும்மா இருக்காது.

புளியும் மண்டை வெல்லமும் சேர்த்துச் சுண்ட வதக்கிய பூண்டுத் தொக்கும் அருமையாக வரும். இட்லிக்கு ஊறுகாயைவிட அதுதான் பொருத்தம். அதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சோம்பேறி முறை ஒன்று உண்டு. உரித்த பல்லைக் கழுவி, துணியில் ஒற்றி, பாட்டிலில் போட்டு வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் மூழ்க ஊற்றி, ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது. பாட்டிலில் அமிலம் 4 சதவீதமோ அதற்கு மேலோ என்று போட்டிருக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் வரும். பிரியாணிக்கும் புரோட்டா சால்னாவுக்கும் பக்கத்தில் கடித்துக்கொள்ளலாம்.

ஊறுகாயில் பூண்டு நீலமாகவும் பச்சையாகவும் மாறிவிட்டது. விஷமா?

இல்லை. பூண்டில் உள்ள கந்தகப் பொருள்கள் புளிப்பு பட்டதும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து நிறம் காட்டுகின்றன. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பூண்டில் இது அதிகம் நடக்கும். சீனாவில் வினிகரில் போட்டு வேண்டுமென்றே பச்சையாக்கிச் சாப்பிடுகிறார்கள். பஞ்சு மாதிரிப் பூத்திருந்தால் அது பூசணம், அது வேறு. அப்படியானால் பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.

மதுரை வெயிலுக்குக் காயவைப்பது சுலபம்தானே?

சுலபம். நான் முதலில் கைவைக்கச் சொல்வதும் இதைத்தான். ஃபிரிட்ஜ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், விளைச்சல் வருகிற மாதமும் வெயில் மாதமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

சின்னப் பல்லைச் சீவ முடியாது. அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டு தட்டித் தட்டையாக்கினால் போதும். முழுசாகப் போட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். வெள்ளைத் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மேலே மெல்லிய துணி மூடி, காலை முதல் மாலை நாலு மணி வரை வெயில். பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும். உடைத்தால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். ஒரு கிலோ உரித்த பூண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக வற்றிவிடும்.

பாட்டிலில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாலைந்து நாள் தினமும் பாட்டிலைப் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாக வேர்த்தால் திரும்ப வெயிலில் போட வேண்டும். பொடியாக அரைத்து வைத்தால் கட்டி தட்டும், வாசமும் போகும். வற்றலாகவே வைத்துக்கொண்டு வேண்டும்போது அரைப்பது நல்லது. நன்றாகக் காய்ந்தது அடுத்த மழைக்காலம் வரைக்கும் தாராளமாக வரும்.

இந்த வற்றலை வைத்து இட்லிப் பொடி செய்து பாருங்கள். உளுந்து, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கொப்பரை, ஒரு சுளைப் புளி, கல் உப்பு, கடைசியில் நல்லெண்ணெயில் பொரித்த பூண்டு வற்றல். ஈரப் பூண்டில் செய்த பொடி சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

விழுது அரைத்து வைக்கலாமா?

கடை பாக்கெட்டில் அமிலம் சேர்த்திருப்பார்கள், அதனால் தாங்குகிறது. வீட்டு விழுது ஃபிரிட்ஜில் நாலு நாளைக்கு. அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை இரண்டு உறை போட்ட பையில் ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு உறை எதற்கு என்றால், இல்லாவிட்டால் ஐஸ்கிரீமும் பூண்டு மணக்கும். சட்டியில் நேராகப் போடலாம், உருக வைக்க வேண்டியதில்லை. உரித்த பல்லை முழுசாகவும் உறையவைக்கலாம். எடுத்தால் மெத்தென்று இருக்கும், வாசம் குறையாது. நீண்ட கரண்ட் கட்டில் உருகி வெதுவெதுப்பாகிவிட்டதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

முளைவிட்ட பூண்டைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். உருளைக்கிழங்கு போல நஞ்சு எதுவும் ஏறுவதில்லை. நடுக்குருத்து மட்டும் கொஞ்சம் கசக்கும், வேண்டாதவர்கள் பிளந்து எடுத்துவிடலாம்.

சின்னப் பூண்டு எந்தச் சமையலுக்கு நன்றாக இருக்கும்?

பூண்டுக் குழம்புக்குப் பெரிய பல்லைத் தேடி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். பெரிய பல் வெளியே குழைந்து நடுவில் மாவாக நிற்கும். உருண்டைச் சின்னப் பூண்டு அப்படியே புளியை உறிஞ்சி, கடித்தால் வெண்ணெயாகக் கரையும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, இரண்டு கை சின்னப் பூண்டையும் ஒரு கை சின்ன வெங்காயத்தையும் பொன்னிறம் வரும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் குழம்பில் பச்சை வாடை போகாது. அப்புறம் மல்லி, மிளகாய்ப் பொடி, கெட்டிப் புளிக்கரைசல், எண்ணெய் பிரியும்வரை மிதமான தீ. மண்சட்டியில் வைத்து மறுநாள் சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும். மிளகும் சீரகமும் அரைத்து விட்டால் அதுவே மிளகுக் குழம்பு. கருவாட்டுக் குழம்பிலும், ஆட்டுக்கறிச் சுக்காவிலும் முழுசாகப் போட்டால் கறியைவிட அதைத்தான் பொறுக்குவார்கள்.

பூண்டின் காரம் நசுக்கினால்தான் பிறக்கிறது. பல்லுக்குள் தனித்தனியாக இருக்கும் ஒரு பொருளும் ஒரு நொதியும் நசுங்கியதும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. முழுசாக வேகவைத்தால் அந்த நொதி சூட்டில் முதலிலேயே செயலிழந்துவிடும், அதனால் இனிப்பாக இருக்கும். ஆகவே குழம்புக்கு முழுசு. ரசத்துக்கும் சட்னிக்கும் நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். சின்ன விளைச்சலிலும் வாசம் ஊரைக் கூட்டும்.

பூண்டுப் பாலுக்கும் இது நல்லது. பத்துப் பல்லைப் பாதி பால், பாதி தண்ணீரில் குழைய வேகவைத்து, மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கடைந்து குடிக்கலாம்.

திரளாத செடியின் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இளந்தாளைப் பொடியாக நறுக்கித் தோசை மாவில் கலக்கலாம், முட்டையோடு பொரிக்கலாம். பச்சை மிளகாய், தேங்காய், பொட்டுக்கடலையோடு வதக்கி அரைத்தால் வெங்காயத்தாள் சட்னியைத் தோற்கடிக்கும்.

தேனில் ஊறப்போடலாமா?

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது, இதுவும் கூடாது. பெரியவர்களுக்கு என்றாலும் நான் சிபாரிசு செய்வதில்லை. பூண்டின் ஈரம் இறங்கித் தேன் நீர்த்துவிட்டால் அது கெடாமல் நிற்கிற பழைய தேன் இல்லை.

ரத்தக் கொதிப்புக்குத் தினமும் பச்சையாகச் சாப்பிடுகிறேன். வீட்டுப் பூண்டு என்றால் கூடுதலாகச் சாப்பிடலாமா?

சமையல் அளவு எல்லோருக்கும் சரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அளவைக் கூட்ட வேண்டாம். பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டுவதும் வேண்டாம், கொப்புளம் போடும்.

இதிலேயே பல் எடுத்து அடுத்த வருடம் ஊன்றலாமா?

நோயில்லாமல், கெட்டியாக, இருப்பதிலேயே பெரிதாக இருக்கும் உருண்டைகளை மட்டும் ஊன்றலாம். நுணுக்கை ஊன்றினால் நுணுக்குதான் வரும். ஒத்தை உருண்டைக்குக் குளிர் கிடைத்தால் அடுத்த முறை பல் பிரிய வாய்ப்பு உண்டு. அந்தக் குளிரை நாம்தான் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் ஆகாது என்று மேலே சொன்னேன், விதைக்கு மட்டும் அதே ஃபிரிட்ஜ் உதவும். காகிதப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்து, பெருமழை ஓய்ந்த நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில் ஊன்றுங்கள். விளைச்சல் முதல் அக்டோபர் வரை கெடாமல் விதையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். முடியாதவர்கள் செப்டம்பர் கடைசியில் கடையில் கெட்டியான பூண்டு வாங்கிக் குளிரில் வைக்கலாம். பலன் கொஞ்சம் கூடும், ஆனால் கிலோக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம்.

கொடைக்கானல் மலைப்பூண்டை வாங்கி ஊன்றினால்?

2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விளைந்து, பெரியகுளத்துக்கு அருகே வடுகபட்டிச் சந்தைக்கு வந்து விலையாகிறது. காரமும் வாசமும் தூக்கல், நாள்பட வைத்திருக்கவும் தாங்கும். ஆனால் அதை அப்படி ஆக்குவது 2,000 மீட்டர் உயரத்துக் குளிரும் மலை மண்ணும். கீழே கொண்டுவந்து ஊன்றினால் அதுவும் உங்கள் மாடியில் உருண்டையாகத்தான் நிற்கும். சமைக்க வாங்குங்கள். ஊன்ற வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

அப்படியானால் மதுரையில் பூண்டே போடக்கூடாதா?

போடலாம், தாளுக்காகப் போடுங்கள். முளைவிட்ட பல், உரிக்க முடியாத நுணுக்கு, இரண்டையும் ஒரு அகலத் தொட்டியில் நெருக்கமாக ஊன்றித் தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் சில வாரத்தில் ஒரு சாண் தாள் நிற்கும். அடியில் இரண்டு விரல்கடை விட்டு அறுத்தால் இன்னொரு முறையும் தழையும். குளிர் வேண்டாம், பகல் நீள வேண்டாம். கோடையில் மட்டும் நிழல் வலைக்குக் கீழே வையுங்கள்.

உரித்த தோல் ஒரு சாக்கு சேர்ந்துவிட்டது. உரக்குழியில் போடலாமா?

போடலாம், ஆனால் காய்ந்த தோல் மக்கச் சுணங்கும். சாணத் தண்ணீர் தெளித்து, ஈரக் கழிவோடு கலந்து போடுங்கள். இல்லாவிட்டால் தொட்டிகளில் மண்மேல் ஒரு அடுக்குப் பரப்பி, பறக்காமல் மேலே கொஞ்சம் மண் தூவிவிடுங்கள், ஈரம் காக்கும். பூசணம் பிடித்த பூண்டின் தோலை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.